மாலதிக்கு, மெனோபாஸ் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல். மற்ற செய்திகளுக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாயே, முதலில் அதைப் பேசிவிடலாம்.

47 வயதில் பீரியட்ஸ் முன்னே பின்னே வருகிறது, நடுராத்திரியில் வியர்த்து விழிப்பு வருகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்கிறாய். எல்லாமே மெனோபாஸுக்கு முந்தைய மாற்றக் காலத்தில் வருபவைதான். புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்திருக்கிறாய். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மனசு இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே இருந்தால் அதை ஹார்மோன் கணக்கில் எழுதித் தள்ளிவிடாதே. இந்தக் காலத்தில் மன அழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

ஹார்மோன் பரிசோதனை செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். தேவையில்லை. 45 வயது தாண்டியவர்களுக்கு வயதும் அறிகுறிகளுமே போதும். எஃப்எஸ்எச் (கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) இரண்டும் இந்த வருஷங்களில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று எடுத்தால் 'முடிந்துவிட்டது' என்று வரும், அடுத்த மாதம் எடுத்தால் 'ஒன்றுமில்லை' என்று வரும். அதற்குப் பதிலாக மூன்று பரிசோதனை செய்துகொள்: டிஎஸ்எச் (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு). படபடப்பு, வியர்வை, களைப்பு, முடி கொட்டுவது எல்லாம் தைராய்டு கோளாறிலும் வரும். உனக்கு ரத்தப்போக்கு அதிகமாக இருப்பதால் இரும்புச்சத்தும் இறங்கியிருக்கலாம்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் போடு. பீரியட்ஸ் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், இரவு எத்தனை முறை விழிப்பு, இவ்வளவு போதும். ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது திரும்பத் திரும்ப நடந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாள் இடைவெளி விழ ஆரம்பித்தால் அந்த மாற்றக் காலத்தின் பின்பகுதிக்கு வந்துவிட்டாய். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்த பிறகுதான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று சொல்ல முடியும். பீரியட்ஸ் நின்ற உடனே கருத்தடையை விட்டுவிடாதே. 50 வயதுக்குள் நின்றால் இரண்டு வருஷம், 50-க்கு மேல் நின்றால் ஒரு வருஷம் தொடர வேண்டும்.

ரத்தப்போக்கு ஏன் இப்படி என்று கேட்டிருந்தாய். கருமுட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். பிறகு அது உதிரும்போது கட்டி கட்டியாக, நாள் கணக்கில் போகும். எல்லாவற்றையும் இதன் தலையில் போட்டுவிடவும் கூடாது. நார்த்திசுக்கட்டி (ஃபைப்ராய்டு), பாலிப் (சிறு சதை வளர்ச்சி), உட்சுவரில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று எதுவும் இதே போலத்தான் தொடங்கும். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் நனைந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ, 21 நாளுக்குள் திரும்ப வந்தாலோ, உடலுறவுக்குப் பின் ரத்தம் தெரிந்தாலோ டாக்டரைப் பார். 12 மாதம் நின்ற பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். 'இந்த வயசில் இப்படித்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்காதே.

சரி, திடீரென்று ஏறும் அந்தச் சூடு. உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். அது குறைந்ததும் அவை மிகையாகத் தூண்டப்படுகின்றன. வழக்கமாக உடம்பு கண்டுகொள்ளாத சின்ன வெப்ப ஏற்றத்துக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து, வியர்வை கொட்டி, பின்னாலேயே குளிரும். பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் வருஷக் கணக்கில் தொடரக்கூடியது, அதனால் 'ஆறு மாதம் பொறுத்துக்கொள்' என்ற அறிவுரை உதவாது.

இயற்கை வழியில் மட்டும் சமாளிக்கணும் என்கிறாய். உன் விருப்பம் நியாயமானது. ஆனால் 'இயற்கை' என்று லேபிள் ஒட்டியிருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் ஹார்மோன் அல்லாத வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. உடல் சூட்டுக்கு மருந்தில்லாமல் பலன் தருபவை என்று அது ஏற்றுக்கொண்டவை காக்னிடிவ் பிஹேவியர் தெரபி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் மனநலப் பயிற்சி), மருத்துவ ஹிப்னாஸிஸ், எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பது. மூலிகை மாத்திரைகளையும் சத்து மாத்திரைகளையும் அது பரிந்துரைக்கவில்லை. யோகா, மூச்சுப் பயிற்சி, மின்விசிறி எல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் இதம்தான், தாராளமாகச் செய். சூடு வரும் எண்ணிக்கை அவற்றால் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. சோயாவில் சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது, பலருக்குத் தெரிவதில்லை. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை.

நீ வாங்கிவைத்திருக்கும் அந்த 'ஹார்மோன் பேலன்ஸ்' மாத்திரையின் பின்பக்கத்தைப் படி. பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை இருந்தால் கவனம், அதனால் அரிதாக ஈரல் பாதிப்பு வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர், வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகை இருந்தால் அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபெனோடும் பல மனநல மருந்துகளோடும் மோதும். என்னென்ன எத்தனை மில்லிகிராம் என்று போடாமல் 'மூலிகைக் கலவை' என்று மட்டும் இருந்தால் தொடவே தொடாதே.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது தசையும் எலும்பும். பீரியட்ஸ் நிற்பதை ஒட்டிய சில வருஷங்களில் முதுகெலும்பின் அடர்த்தி வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் குறையும். வலி இருக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. நீ தினமும் நடப்பது இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அது போதாது. வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, பளு கொடுக்க வேண்டும். நாற்காலியில் தொடங்கு. சுவரை ஒட்டிப் போட்டு முன்விளிம்பில் உட்கார், பாதம் இடுப்பகலத்தில், கையை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்து நில். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்கு. 8 முதல் 12 முறை ஒரு சுற்று, அப்படி இரண்டு சுற்று. தொப்பென்று விழுந்து உட்காருவதும் முழங்கால் உள்பக்கம் சாய்வதும்தான் வழக்கமான தப்பு. முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரல் பக்கம் போகட்டும். 12 முறை சுலபமாகிவிட்டால் 2 கிலோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய், பிறகு எடையைக் கூட்டு. அதே எடையில் மாதக் கணக்கில் நின்றுவிட்டால் தசையும் அங்கேயே நின்றுவிடும்.

கால்சியம் 50 வயதுவரை நாளுக்கு 1000 மில்லிகிராம், அதற்குப் பின் 1200. இது உணவையும் சேர்த்த கணக்கு. மாத்திரை தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் குடல் சரியாக உறிஞ்சாது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி விடு.

நீ எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று. உடல் சூடு காலப்போக்கில் தணியும், இது தானாகத் தணியாது. வாசனை இல்லாத வெஜைனல் மாய்ஸ்சரைசர் வாரம் இரண்டு மூன்று முறை, உறவின்போது தனியாக லூப்ரிகன்ட் (வழவழப்பு ஜெல்). அங்கே சோப்பு வேண்டாம். போதவில்லை என்றால் அங்கேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கமே இல்லை, வேலை ஓடவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேட்பதில் தோல்வி எதுவும் இல்லை. 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். தோலில் ஒட்டும் பட்டையில் ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் இதைப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அதனால் உன் ரத்தப்போக்கை முதலில் பார்த்தாக வேண்டும்.

டாக்டரிடம் போகுமுன் அம்மாவிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்: அவருக்கு எந்த வயதில் நின்றது, இடுப்பெலும்பு எப்போதாவது முறிந்ததா. வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ காலில் ரத்தக்கட்டியோ வந்திருந்தால் அதையும் குறித்துக்கொண்டு போ. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
கல்யாணி