சோர்வை உன் சுபாவம் என்று எண்ணாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம். தூக்கம் ஓரளவு திரும்பிவிட்டது, மாத்திரை அளவையும் மருத்துவர் கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

நாள்பட்ட மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னதும் உனக்கு நிம்மதியாக இருந்ததாக எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்கும் நெஞ்சு லேசானது. "அவன் சுபாவமே அப்படி, எதிலும் ஒட்ட மாட்டான்" என்று ஊரே சொல்லிச் சொல்லி, நீயும் அதை நம்பிவிட்டாய். இந்த நோயின் பெரிய கொடுமை அதுதான். ஒரேயடியாகப் படுக்கையில் தள்ளினால் யாராவது ஓடி வருவார்கள். இது அப்படி வருவதில்லை. பெரியவர்களுக்கு இரண்டு வருஷமாவது, பெரும்பாலான நாட்கள் மனம் மங்கியே கிடந்தால்தான் இந்தப் பெயரையே வைக்கிறார்கள். அதற்குள் வேலைக்கும் போய், நாலு பேரோடு பேசியும் அந்த மங்கலுக்கு நாம் பழகிவிடுகிறோம்.

மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, அந்த வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். கண்ணை மூடி உட்கார்ந்தால் நோய் போய்விடுமா என்று. அதனால் மட்டும் போகாது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த முறையில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியோடு வந்தவர்களுக்கு அது எட்டு வாரப் பயிற்சியாக அமைந்தது. பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை, எண்ணங்களின் போக்கை அடையாளம் கண்டு மாற்றப் பழக்கும் அறிவாற்றல் சிகிச்சையோடு சேர்த்து, மனச்சோர்வு திரும்பி வராமல் தடுப்பதற்கென்றே வடிவமைத்தார்கள். 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அடிக்கடி மனச்சோர்வுக்கு ஆளான 424 பேரில் ஒரு பிரிவினர் இந்தப் பயிற்சி எடுத்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள், மற்றவர்கள் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் மறுபடி நோய்வாய்ப்பட்டவர்கள் முறையே 44, 47 சதவீதம். கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் ஒன்றைக் கவனி: அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தேறியிருந்தவர்கள், குறைத்ததும் மருத்துவர் மேற்பார்வையில். நீ இன்னும் சோர்வுக்குள்ளேயே இருக்கிறாய். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

எனக்கு அது எப்படி உதவுகிறது என்று சொல்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வரும். "என்றைக்குத்தான் பேசியிருக்கிறேன்" என்று அடுத்தது. அங்கிருந்து நேராக "எதற்கும் லாயக்கில்லாதவன்". கை அதுபாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும், தட்டு கழுவி முடிவதற்குள் அன்றைய பொழுதே போய்விட்டிருக்கும். இப்போது இரண்டாவது எண்ணத்திலேயே, அசைபோட ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்துவிடுகிறது. உடனே விரலில் படும் தண்ணீரின் குளிர்ச்சிக்கு வந்துவிடுகிறேன். மனம் மறுபடி ஓடும், நானும் மறுபடி வருகிறேன். அந்த எண்ணத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. இவ்வளவுதான் பயிற்சி. மனதைக் காலி செய்யும் வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ரொம்ப மோசமான நாட்களில் கண்ணை மூடி நீண்ட நேரம் உட்காராதே. பழைய காயங்கள் உள்ளவர்களுக்கு அது சில சமயம் பாரத்தைக் கூட்டிவிடும். கண்ணைத் திறந்துகொண்டு மூன்று நிமிஷம் மூச்சைக் கவனி, இல்லை மெதுவாக நட. பயிற்றுநரிடமும் சொல்லிவிடு.

வாழ்க்கை முறை மாற்றங்களில் நான் அதிகம் நம்புவது ஒன்றைத்தான்: மனசு சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் முதலில் செய்துவிடுவது. இந்த நோயில் ஆசை முன்னால் வருவதில்லை, செய்த பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதே. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வா, இன்றைக்கு அது போதும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதே, எழுந்ததும் வெளிச்சத்துக்கு வா. மது வேண்டாம். அது தூக்கத்தைக் கெடுக்கும், மாத்திரைக்கும் ஆகாது. உணவுக்கும் பங்கு உண்டு. 2017-இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், காய்கறி, பழம், பருப்பு, மீன் என்று உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகைப் பரிசோதனைகள் செய்தார்களா? இல்லையென்றால் அடுத்த முறை கேள்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் நடுராத்திரி என்றாலும் எனக்கு போன் பண்ணு, மருத்துவரிடமும் மறைக்காதே. இதை நீ எனக்குச் செய்து தரவேண்டிய சத்தியமாகவே கேட்கிறேன்.

வகுப்பு எந்தக் கிழமை என்று தெரிந்ததும் எழுது. வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் வரைகூடப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உன்னைக் கூப்பிட வேண்டாமென்று வீட்டில் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்