ஜில்லா போர்டு போட்ட ரயில் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவாரூர்–காரைக்குடி பாதையைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், தங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் எழுதியவர் உட்பட, அதைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பாதை என்றே குறிப்பிடுகிறார்கள். வண்டி ஓட்டியது அந்தக் கம்பெனிதான். ஆனால் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-இல் பாதை போட்டதும், பின்னர் அதைப் பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீட்டியதும் தஞ்சாவூர் ஜில்லா போர்டு என்ற உள்ளாட்சி அமைப்பே.

அதற்கான பணம் லண்டனிலிருந்து வரவில்லை. நிலத்தீர்வையில் ரூபாய்க்கு 3 பை வீதம் ரயில்வே வரி வசூலித்துச் சேர்த்த தொகையே அந்தப் பாதைக்கு அடிப்படை முதலீடு. ரூபாய்க்கு 192 பை என்ற கணக்கில், ஆண்டுக்கு 16 ரூபாய் தீர்வை கட்டிய ஒரு குடியானவர், தம் வாழ்நாளில் ரயில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், 4 அணாவை, அதாவது கால் ரூபாயை, தண்டவாளத்துக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது. இதை அவர் மனமுவந்து கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

1884-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்றடுக்கு முறையை ஏற்படுத்தியது. சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இவற்றின் பொறுப்பு. தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்களின் சத்திரங்களும் போர்டின் நிர்வாகத்தில் இருந்தன. 1920-களில் ஏ. டி. பன்னீர்செல்வம் தலைவராக இருந்தபோது, வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுவந்த ஒரத்தநாடு, ராசாமடம் சத்திரங்களில் மாணவர் விடுதிகள் தொடங்கப்பட்டன. அந்த போர்டின் சாதனைகளில் ரயிலைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தாலுகா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் வந்ததும் ஜில்லா போர்டுகளும் மறைந்தன. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் ஓர் அமைப்பு மீண்டும் வந்திருக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு வரி விதித்து ரயில் விடும் அதிகாரம் அதற்குக் கனவிலும் கிடையாது.

அகலப் பாதையாக்கிப் புதுப்பித்த நிலையங்களில் பெயர்ப் பலகைகள் பளபளக்கின்றன. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி நிலையங்களிலாவது, இது ஜில்லா போர்டு குடியானவர்களின் வரிப்பணத்தில் போட்ட பாதை என்று ஒரு வரி எழுதிவைக்குமாறு ரயில்வே நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டுக்கோட்டை வட்டம்