மூன்று மாதம் முன்னதாக

அன்புள்ள தனராசு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னையன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீயே சொல்லிவிடு. அந்த சைக்கிள் கணக்கை இப்போதாவது தீர்க்கச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பிரான்ஸில் ஓய்வு வயதை 62-லிருந்து படிப்படியாக 64 ஆக்கும் சட்டத்தை 2023-ல் அதிபர் மக்ரோனின் அரசு அரசியல் சட்டத்தின் 49.3 பிரிவைப் பிடித்துக்கொண்டு, நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கே விடாமல் கொண்டுவந்ததும், நாங்கள் தெருவில் இறங்கியதும் உனக்குத் தெரியும். அதன்படி 1964-ல் பிறந்த நான் ஓய்வு பெற 63 வயது ஆகவேண்டும். 2025 டிசம்பரில் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 62 வயது 9 மாதத்திலேயே நான் கிளம்பலாம்.

வீட்டில் பாயசம் வைத்தார்கள். சாப்பிடும்போது மகன் கேட்டான்: "அந்த மூணு மாசத்துக்கு யாருப்பா பணம் கொடுக்கறது?" சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவனுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே ஒரு தொகை, அதற்குக் கீழே வரிசையாகப் பிடித்தம், கடைசியில் கைக்கு வருவது. அதில் வாடகை போனால் மீதி கொஞ்சம்தான். இங்கே பென்ஷன் என்பது நாங்கள் சேர்த்துவைத்த பணம் இல்லை, தனராசு. இந்த மாதம் அவனிடம் பிடிப்பதுதான் இந்த மாதமே ஒரு பெரியவருக்குப் போகிறது. 1960-களில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு நான்கு பேர் உழைத்தார்கள். இன்று இரண்டு பேர்கூட இல்லை.

அப்புறம் கடன். பிரான்ஸ் அரசு வரவுக்குள் செலவு செய்த கடைசி வருடம் 1974. அப்போது நாம் அரைக்கால் சட்டை போட்ட பையன்கள். அதற்குப் பிறகு வலது, இடது என்று யார் வந்தாலும் துண்டு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. 2025 நடுவில் மொத்தக் கடன் 3.4 லட்சம் கோடி யூரோ. தலைக்கு 50,000. முன்பு வட்டி பூஜ்யத்துக்கும் கீழே இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. அந்தப் பழைய கடன் பத்திரங்கள் முதிரும்போது புதுக்கடன் வாங்கித்தான் அடைக்கிறார்கள், இப்போது சுமார் 3.5 சதவீத வட்டிக்கு. வட்டிக்கே வருடம் 5,000 கோடி யூரோவுக்கு மேல் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு நர்ஸைக்கூட வேலைக்கு வைக்க முடியாது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பிரதமராக இருந்த பாய்ரு அரசுச் செலவில் 4,400 கோடி யூரோ மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நின்றார். விடுமுறையான ஈஸ்டர் திங்களையும் மே 8-ஐயும் வேலை நாளாக்கப் பார்த்தார். 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் 364 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டு ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இன்னொரு பக்கம், 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்து உள்ளவர்களிடம் வருடம் 2 சதவீதமாவது வாங்குங்கள் என்று பொருளாதார அறிஞர் சுக்மான் சொன்னார். மொத்தம் 1,800 குடும்பங்கள்தான். அதையும் தோற்கடித்தார்கள். பணக்காரனைத் தொடக்கூடாது, பென்ஷன்காரனைத் தொடக்கூடாது என்றால் மிச்சம் இருப்பவன் யார்? என் மகன்தான். முதலில் அந்த 1,800 குடும்பங்கள் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு பெரிய பென்ஷன் வாங்குகிறவர்களுக்குச் சில வருடம் உயர்வு வேண்டாம். இதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை, மறுபடியும் சொல்வேன்.

உன் தாத்தா ஞாபகம் வருகிறது. மாதம் பிறந்தால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சொல்தா பென்ஷன், அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன், வாங்கப் போவாரே! உங்கள் வீட்டு மாடி அந்தப் பணத்தில் எழும்பியதுதானே. பிரான்சுக்காரன் கஜானா வற்றவே வற்றாது என்று தெருவே நம்பியது. நானும் அந்த நம்பிக்கையில் கப்பல் பார்த்து வளர்ந்தவன்தான்.

நீ பென்ஷன் கோப்புகளோடு காலம் தள்ளியவன், அதனால் கேட்கிறேன். உன் மகள் 2004-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவள், உனக்குக் கிடைக்கும் பழைய பென்ஷன் அவளுக்கு இல்லை. அவள் உன்னிடம் இதைப் பற்றி எப்போதாவது கேட்டாளா? என்ன பதில் சொன்னாய்? விவரமாக எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடாதே.

அன்புடன்,
பிரான்சுவா