‘எஸ்’ எழுத்தைப் பார், மகளே

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ வாங்க நினைக்கும் 1969ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்டின், அதாவது லிங்கனின் தலை பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தின், படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அந்த ஆண்டு வெளிவந்த, எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும் ‘இரட்டை அச்சு’ சென்ட் மிக அரிது. பல்லாயிரம் டாலருக்கு விலைபோகும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்பவர் உன்னிடம் விலை பேசுகிறார். இது அந்த நாணயம் அல்ல என்பது என் முடிவு. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்து இரண்டாகத் தெரிந்தால், அந்தப் பிசகு அச்சைச் செய்யும்போது நேர்ந்ததா, நாணயத்தை அடிக்கும்போது நேர்ந்ததா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்நாளில் நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சில் உருவம் முழுமையாகப் பதிய, மூல அச்சை அதன்மேல் ஒருமுறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. ஓர் அழுத்தத்திலேயே எஃகு இறுகிவிடும் என்பதால், அதைக் காய்ச்சி இளக்கி மீண்டும் அழுத்துவார்கள். அப்போது சற்றே திரும்பி அமர்ந்துவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் பதிந்து, அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு நாணயமும் ஒரே மாதிரியான இரட்டிப்போடு வெளிவரும். பிலடெல்பியாவில் அடித்த 1955ஆம் ஆண்டு சென்ட் இதில் பெயர் பெற்றது; ஆண்டும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும், தலைக்கு மேலுள்ள வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

உன் படத்தில் இருப்பது வேறு. இயந்திரத்தில் அச்சு தளர்ந்திருந்தால், அடி விழுந்த கணத்திலேயே அது அசைந்து, ஏற்கெனவே எழும்பி நின்ற எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். இதில் புதிய உருவம் எதுவும் சேர்வதில்லை, இருக்கும் உலோகமே ஒதுங்குகிறது. அதனால் எழுத்து மெலிந்து, அதன் பக்கத்தில் தட்டையான, பளபளப்பான படி ஒன்று தாழ்வாகத் தெரியும். இரட்டை அச்சிலோ எழுத்து தடித்திருக்கும். இரண்டாவது உருவமும் திரட்சியாக எழும்பி நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு துலக்கமாக இருக்கும். ஆண்டிலுள்ள இரண்டு 9களையும் பார்: வளைவுகள் வழக்கத்தைவிடக் குறுகி, ஒரே பக்கமாக வழித்துவிட்டது போன்ற பட்டை ஓடுகிறது. முனை எதிலும் பிளவு இல்லை.

இதைவிட உறுதியான சான்று, ஆண்டுக்குக் கீழே இருக்கும் ‘எஸ்’ எழுத்து. நாணயச்சாலையைக் குறிக்கும் அந்த எழுத்தை, மற்ற உருவங்கள் எல்லாம் பதிந்த பிறகு ஒவ்வோர் அச்சிலும் கையால் தனியாகக் குத்துவதே அன்றைய வழக்கம். ஆகவே உண்மையான 1969 இரட்டை அச்சில் ஆண்டும் வாசகமும் இரட்டித்திருக்கும், ‘எஸ்’ மட்டும் ஒற்றையாக நிற்கும். உன் படத்தில் ‘எஸ்’ எழுத்தும் ஆண்டு நகர்ந்த அதே திசையில் நகர்ந்திருக்கிறது. அடிக்கும்போது அசைந்த அச்சு எதையும் விட்டுவைக்காது என்பதால், எனக்கு இந்த ஒரு சான்றே போதும்.

தேய்ந்த அச்சாலும் எழுத்து இரண்டாகத் தோன்றும். விளிம்பு நோக்கிக் கசிந்தது போல மங்கலாக, அதைச் சுற்றிலும் சொரசொரப்பாக இருக்கும். 1955ஆம் ஆண்டு சென்ட்டுகளிலேயே கடைசி 5 மட்டும் இப்படித் தெரிபவை ஏராளம். ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அதற்கும் கூடுதல் விலை தராதே.

விற்பவர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். தட்டையான படியைக் கண்டு மயங்கும் அனுபவசாலிகளும் உண்டு. ஆனாலும் முன்பணம் அனுப்பாதே. ‘எஸ்’ எழுத்தும் இரட்டித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று மரியாதையாக எழுதிவிடு. பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நாணயத்தை மெல்லத் திருப்பிப் பார். மேலிருந்து நேராக விழும் ஒளியில் தட்டையும் திரட்சியும் ஒன்றுபோலவே தெரியும்.

அன்புடன்,
அப்பா