எங்கள் ஊர் பப்பை மூடவிடாமல் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பிரியா மலையடிவாரத்தில் உள்ள எங்கள் கிராமத்தின் ஒரே பப் விற்பனைக்கு வந்து, குடியிருப்பாக மாற்றப்படவிருந்த நிலையில், ஊர்மக்களாகிய நாங்களே அதை வாங்கிக் கடந்த மாதம் மீண்டும் திறந்தோம். ஆங்கில நன்றிக் கடிதம் அதன் வாசற்கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. தொலைவில் இருந்தபடியே பங்கு வாங்கிய தமிழ் நண்பர்களுக்காக, பப்பை வாங்கிய எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைத் தமிழிலும் எழுதுகிறேன்.

ஒரு மதுக்கடைக்காகவா இத்தனை பாடு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் மது அருந்துவதில்லை. ஆனால் 19 ஆண்டுகளுக்கு முன், ஒருவரையும் அறியாமல் இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில், மழையில் நனைந்தபடி உள்ளே நுழைந்த எனக்காகக் கணப்பருகே படுத்திருந்த நாயை எழுப்பி இடம் கொடுத்தவர்கள் இந்தப் பப்பில் கூடியிருந்த ஊர்க்காரர்கள். கற்பலகை பாவிய தரையும், குனிந்து கடக்க வேண்டிய உத்தரங்களும் கொண்ட அந்த அறையில், ஆடு வளர்ப்பவரும் மருத்துவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருப்பார்கள். யார் வீட்டில் உடல்நலமில்லை, யாருக்கு விறகு வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அஞ்சலகமும் மூடிவிட்ட ஊரில் அதற்கு வேறு இடமில்லை.

எங்களுக்கு வழிகாட்டியது பக்கத்து ஊரான ஹெஸ்கட் நியூமார்க்கெட். அங்குள்ள ஓல்ட் கிரவுன் பப்பை 2003ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் என்று அது அறியப்படுகிறது. அவர்களுக்கு எங்கள் வணக்கம். 2011ஆம் ஆண்டின் சட்டப்படி எங்கள் பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதிவுசெய்ய மனுச் செய்து, பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் பெற்றுத்தந்த ஊர் மன்றத்தாருக்கும், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதை ஏற்றுப் பணம் தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி.

தனியே சொல்ல வேண்டிய நன்றி, நிலவறைப் பணியை எங்களுக்குக் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற பப் நடத்துநருக்கு உரியது. இங்கே ஊற்றப்படும் ஏல் என்ற பீர் வகை, பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதிக்கும் பானமாகும். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் பீப்பாயை அசையாமல் கிடத்தி, மேலே சிறு மரமுளையைச் செருகி வாயுவை மெல்ல வெளியேறவிட்டு, வண்டல் அடியில் படியும்வரை பொறுத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டபின் ஓரிரு நாட்களில் சுவை கெடத் தொடங்கிவிடுவதால், ஒன்பது காலன் பீப்பாயில் உள்ள ஏறத்தாழ 72 பைன்ட்டும் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) விரைவில் விற்றுத்தீர வேண்டும். ஊர் வராவிட்டால் அத்தனையும் வீண். முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் இறங்கி ஏறி, ஆறு வாரம் அவர் இதைக் கற்பித்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

புகைபோக்கியைத் துப்புரவு செய்தவர்கள், பழைய விசிப்பலகைகளைச் செப்பனிட்ட தச்சர், மழை கொட்டும் செவ்வாய் இரவுகளிலும் தவறாமல் வந்து உட்காருபவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். தமிழ் நண்பர்களே, நீங்கள் எப்போது வந்தாலும் கணப்பருகே இடம் இருக்கும், தேநீரும் உண்டு.

நன்றியுடன்,
சங்கச் செயலாளர்