உங்கள் கடைப் பழைய எண்ணெய் எங்கே போகிறது?

ஹோட்டல், இனிப்பு காரக் கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

இதயம் நன்றாக இருக்க என்ன செய்யலாம் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் ஒரே பல்லவிதான்: எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை, உப்பைக் குறை, தினமும் நட. சரி, நாக்கைக் கட்டுவது எங்கள் வேலை, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் வாணலியில் என்ன எண்ணெய் காய்கிறது என்பது எங்கள் கையில் இல்லையே.

மாலை நாலு மணிக்கு எந்த டீக்கடை வாணலியையும் பாருங்கள். நல்ல எண்ணெயென்றால் வடையைச் சுற்றித்தான் குமிழி வரும், எடுத்ததும் அடங்கிவிடும். அடிபட்ட எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, வடையை எடுத்த பிறகும் நுரைத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்றால் கண் எரியும். (அந்த வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறோம். கூடுதலாக அச்சு மைதான் ஒட்டும்.)

திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, போலார் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருட்கள் அதில் பெருகுகின்றன. ரத்த அழுத்தம், ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது இரண்டோடும் இவற்றுக்குத் தொடர்பு உண்டு. இவை 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 முதல் இருக்கும் விதி. பாதி வாணலி பழையதன் மேல் புது எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பதும் உதவாது. பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். 2022 முதல் எண்ணெய், வனஸ்பதியில் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது டின்னில் வரும் சரக்குக்கு. டின்னைத் திறந்த பிறகு நடப்பது உங்கள் பொறுப்பு.

டீக்கடைக்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த எண்ணெய் அவர் கைக்கு வரும்போதே கறுத்திருக்கலாம். பெரிய அடுப்படிகளில் ஓடி முடிந்த எண்ணெய், பின்வாசல் வழியாக மலிவு விலைக்குச் சின்னக் கடைகளுக்குப் போவது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். மருத்துவர்கள் எங்களுக்குச் சொல்லும் அறிவுரையெல்லாம் அந்தப் பின்வாசலில் வீணாகிறது.

ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடை பதிவேடு வைக்க வேண்டும். கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பயோடீசல் தயாரிக்க அவர்கள் அதைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். அதனால் நஷ்டக் கணக்கு எடுபடாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். விலைப்பட்டியல் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வையுங்கள்: கடைசியாக எண்ணெய் கொடுத்த தேதி, எத்தனை லிட்டர், யாரிடம். அப்புறம், 50 லிட்டர் ஓடாத சின்னக் கடைகளுக்காக உங்கள் சங்கம் தெருவுக்கு ஒரு பொது டிரம் வைத்தால், அவர்கள் எண்ணெயும் முறையாகப் போய்ச் சேரும். இதற்காக வடைக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் முணுமுணுப்போம், ஆனால் வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்