இங்கே அகத்தியர் உதிப்பதில்லை

கிளாஸ்கோ, ஸ்காட்லாந்து,
ஜனவரி 28

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பாப்பா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அப்பாயி, அக்கா, தம்பி எல்லோரும் நலமா?

அப்பாவின் கடிதம் காபித்தூள் பார்சலோடு நேற்று வந்தது. பொட்டலம் ஓரத்தில் பிரிந்து நாலு பக்கக் கடிதத்திலும் காபி வாசம். ‘போன் பண்ணினால் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், உட்கார்ந்து எழுது’ என்று அதட்டியிருக்கிறீர்கள். சரி, உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட்டில் டவர் கிடைக்காமல் பாதி நேரம் ஹலோ ஹலோ என்று கத்துவதற்கு இதுவே மேல்.

முதலில் அம்மா கேட்ட குளிர். ஏற்காட்டில் பிறந்தவளுக்குக் குளிர் என்ன புதுசா என்றுதான் நானும் வந்தேன். நம் ஊர்க் குளிர் பத்து மணிக்குப் பனி விலகினால் போய்விடும். இங்கே அது போவதே இல்லை. டிசம்பர் கடைசியில் எட்டே முக்காலுக்கு விடிந்து நாலு மணிக்குள் சூரியன் இறங்கிவிட்டது. நட்டநடு மத்தியானத்தில்கூட அது அடிவானத்துக்கு மேல் 11 டிகிரி உயரத்தைத் தாண்டவில்லை. மழையும் சோவென்று கொட்டி ஓய்கிற மழை இல்லை, நாள் முழுக்க முகத்தில் ஒட்டுகிற தூறல். இன்று வெளியே 2 டிகிரி. அப்பாயியிடம் மட்டும் 275 என்று சொல்லுங்கள். பொய்யில்லை, கெல்வின் கணக்கில் அதுதான். பல்கலைக்கழகத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் கெல்வின். இங்கே 1846 முதல் 1899 வரை பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சனுக்குப் பிரபு பட்டம் கொடுத்தபோது இந்த ஆற்றின் பேரைத்தான் எடுத்துக் கொண்டார். அந்த வெப்ப அளவுக்கும் எங்கள் இயற்பியல் கட்டடத்துக்கும் அதே பேர்.

ஸ்வெட்டர், கோட்டெல்லாம் வாங்கியாயிற்றா என்று அம்மா கேட்டிருந்தாய். கீழ் வீட்டுத் தாத்தாவின் மகளுடைய கம்பளிக் கோட்டு ஒன்று சும்மா தொங்கிக் கொண்டிருந்தது, எனக்குக் கச்சிதமாக இருக்கிறது. புதிது எதற்கு? அறையில் ஹீட்டர் இருக்கிறது. போட்டால் மூக்கு காய்கிறது, அதனால் போடுவதில்லை. நூலகம் ராத்திரி வரைக்கும் கதகதப்பாக இருக்கும், படிப்பும் அங்கேதான் ஓடுகிறது. பழைய அறையை விட்டுச் சின்ன அறைக்கு மாறினேன் என்று அக்கா சொல்லியிருப்பாள். இங்கிருந்து வகுப்புக்கு நடந்தே போகலாம் என்பதால்தான்.

அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரியிலும் அரை டிராயர்தான். தூறல் ஐந்து நிமிடம் நின்றால் ‘நல்ல வெயில்’ என்பார். நான் வானியல் படிக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து, மேகம் விலகிய ராத்திரிகளில் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தை, அதாவது என் கட்டிலுக்கு நேர் அடியில், டொக் டொக்கென்று இடிக்கிறார். நடு ராத்திரியா, விடியற்காலையா என்ற கணக்கே கிடையாது. நான் இறங்கிப் போய் வானத்தைப் பார்க்காத வரை இடி நிற்காது. பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கி நகரத்து ஓரத்தில் இருக்கிறது, வீட்டு வாசலில் நின்று நான் என்ன பார்ப்பது என்று சொல்லிப் பார்த்தேன். ‘கண் இருக்கிறதல்லவா’ என்கிறார். நியாயம்தான்.

போன வாரம் 25-ஆம் தேதி இவர்களுடைய கவிஞர் பர்ன்ஸின் பிறந்தநாள். ஹகிஸ் என்று ஒரு பதார்த்தம் கொண்டு வந்தார். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை அரைத்து ஓட்ஸோடு ஆட்டு இரைப்பையில் கட்டி வேக வைப்பது. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்க அவருக்கு ஆசை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குடல் கறி என்று சொல்லிவிட்டு நான் இரண்டாம் தடவை போட்டுக் கொண்டேன். மனுஷனுக்கு ரொம்ப ஏமாற்றம். மிளகு மட்டும் போதவில்லை. அப்பா, அடுத்த பார்சலில் நம் மிளகு கால் கிலோ வையுங்கள், அவருக்கும் கொடுக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வாரத்தில் சில மாலைகள் ஓர் இந்திய உணவகத்தின் சமையலறையில் வேலை, அங்கேயே சாப்பிட்டுவிடுகிறேன். படிக்கிற பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பது விசாச் சட்டம். அதனால் உடம்பைக் கெடுத்துக் கொள்ள நினைத்தாலும் முடியாது. வெங்காயம் உரிப்பதில் இப்போது அம்மாவை மிஞ்சிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் வந்ததும் பசியோடு தின்கிற தட்டுவடை செட்டுக்குத்தான் இங்கே வழியில்லை. பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, இரண்டு சட்னியும் தடவி நானே செய்து பார்க்கலாம் என்றால் தட்டுவடைக்கு எங்கே போக?

இனி படிப்பு. மூன்று வருஷம்தானே சொன்னாள், நாலு எங்கிருந்து வந்தது என்று சித்தப்பா கேட்டாராமே. இங்கிலாந்தில்தான் மூன்று. ஸ்காட்லாந்தில் ஆனர்ஸ் பட்டம் நாலு வருஷம். சேரும்போதே சொன்னேன், அவர் காதில் விழவில்லை. முதல் வருஷம் இயற்பியல், வானியல், கணிதம் மூன்றும் சம அளவில் படிக்கிறோம். பிறகு மெல்ல மெல்ல இயற்பியலும் வானியலும் மட்டும். மூன்றாம் வருஷ முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வரவும் வழி இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வேண்டாம், பிடித்துக் கொள்வார்.

இதே துறையில் படித்து 1965-ல் பட்டம் வாங்கியவர் ஜோசலின் பெல். அப்போது ஆனர்ஸ் இயற்பியல் வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். உள்ளே வந்தாலே பையன்கள் மேசையைத் தட்டி விசிலடிப்பார்களாம். இரண்டே வருஷத்தில், 1967-ல், கேம்பிரிட்ஜில் பல்சரை, அதாவது வேகமாகச் சுழன்று சீராக ரேடியோ துடிப்பு அனுப்புகிற நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார். 1974-ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது. 2018-ல் 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தபோது, அத்தனையையும் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வர வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். பிஎச்.டி.க்குத்தான் அது. இப்போதே அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு: ஈர்ப்பு அலையை 2015 செப்டம்பர் 14-ல் முதல் முதலாகப் பிடித்தார்களே, அந்த லைகோ கருவியில் ஒவ்வொரு கண்ணாடியும் 40 கிலோ. அதைத் தாங்குவது அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத நாலு கண்ணாடி இழைகள். அந்தத் தொங்கல் முறையை உருவாக்கியதில் இந்தத் துறைக்குப் பெரிய பங்கு. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் அதே மாதிரி ஒன்று கட்டப் போகிறார்கள், 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பிளஸ் டூ இயற்பியலை மனப்பாடம் பண்ணாமல் படிடா.

ஒரு நாள் வகுப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 2.512 மடங்கு, ஐந்து படி இறங்கினால் சரியாக 100 மடங்கு மங்கல். இந்தக் கணக்கை 1856-ல் சொன்னவர் நார்மன் போக்சன். ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் போக்சன் 1861-ல் நம் சென்னை வானாய்வகத்துக்கு வந்தவர், 1891-ல் சாகும் வரை அங்கேயே இருந்தவர். வந்த வருஷமே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பேர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறுகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இதையெல்லாம் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னேன். ‘ஓ, அப்படியா’ என்றாள். அவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

ரகுநாதாச்சாரியின் நட்சத்திரம் இங்கே எந்நாளும் தெரியாது. தெற்கே அவ்வளவு தூரம். இது எனக்கு ஒரு வீட்டுப்பாடத்தில்தான் உறைத்தது. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. ஏற்காட்டில் அது 12 டிகிரி, மரத்துக்கும் மலைக்கும் நடுவில் தேட வேண்டும். இங்கே 56 டிகிரி, கழுத்தை நிமிர்த்தினால்தான் தெரியும். மார்கழியில் அம்மா களி கிண்டுகிற திருவாதிரை நம் வாசலில் உச்சந்தலைக்கு மேல் நிற்குமே, அது இங்கே தெற்கில் பாதி வானத்துக்கும் கீழேயே ஏறி இறங்கிவிடுகிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடுகிற வான நடுக்கோட்டுக்கு 34 டிகிரி தெற்கே தாண்டிய எதுவும் கிளாஸ்கோவில் உதிக்காது. ஒரு பட்டியல் கொடுத்து, எவை எவை உதிக்காது என்று கேட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது, 52.7 டிகிரி தெற்கு. கனோபஸ் என்று போட்டிருந்தது. நம் அகத்தியர்.

தை மாசத்தில் பார்ச்மென்ட், அதுதான் பழத்தோல் நீக்கிய காபிக்கொட்டை, களத்தில் காய்கிறபோது அப்பாவோடு நானும் காவலுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் படுப்பேனே. சேலத்து விளக்கெல்லாம் கீழே கிடக்கும். அதற்கு மேலே தனியாக நிற்பாரே, ‘அதோ பார் அகத்தியர், தெற்கே போனவர் திரும்பவில்லை’ என்று காட்டுவீர்களே. உதிக்காது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அன்று ராத்திரி பசிக்கவில்லை. நட்சத்திரம் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் அப்பா. இவர்களிடம் பெரிய பெரிய கருவியெல்லாம் இருக்கிறது. களத்தில் வெறும் கண்ணால் பார்த்தது இங்கே இல்லை. நம் காவலூர் வானாய்வகத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மா அழ வேண்டாம், இப்போது சரியாகிவிட்டது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சில்வர் ஓக் வெட்டி விற்று எனக்குப் பணம் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மரம் போனால் காபிக்கு நிழல் போகும், ஏற்றியிருக்கிற மிளகுக்கொடி மொத்தமும் போகும், அனுமதிக்கு அலைகிற செலவு வேறு. வங்கியில் படிப்புக் கடனின் இரண்டாம் தவணை கொஞ்சம் தாமதமாவதற்கு நான் இங்கே பேசிக் கட்டணத்தைப் பிரித்துக் கட்ட ஏற்பாடு செய்துவிட்டேன். நீங்கள் வங்கிக்குப் போகும்போது வட்டிச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அக்காவின் சம்பந்தம். வாழப்பாடிக்காரர்கள் வைகாசியில் வைக்கச் சொல்கிறார்கள் என்றால், சரியாக அப்போதுதான் எனக்குத் தேர்வு. ஆவணிக்குத் தள்ள முடியுமா? கோடை விடுமுறையில் வருவேன், டிக்கெட்டை நான் பார்த்துக் கொள்கிறேன். முடியாவிட்டால் வைகாசியிலேயே நடக்கட்டும், எனக்காக நல்ல இடத்தை விட வேண்டாம். கொலுசு மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் நம் வழக்கமான பட்டறையிலேயே சொல்லுங்கள். அப்பாயியின் கண் அறுவை சிகிச்சையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், பேத்தி கல்யாணத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டாமா.

பாகப்பிரிவினைக்கு வருகிறேன். சித்தப்பாவுக்கு நாகலூர்ப் பக்கத்துக் கீழ்த்தோட்டம் போனால் போகட்டும், அங்கே தண்ணீர் அதிகம், அவர் ஆசைப்படுவது நியாயம்தான். களத்தையும், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் கொட்டகையையும் அவர் பங்கில் கேட்பதற்கு மட்டும் ஒத்துக் கொள்ளாதீர்கள். களம் இல்லாமல் பழத்தை எங்கே காய வைப்பது? வருஷா வருஷம் அவரிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அண்ணன் தம்பி சண்டை வேண்டாம் என்று நீங்கள் விட்டுக் கொடுத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் கேட்கிறார் என்றால், எடின்பரோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. பவர் பத்திரம் அங்கே அத்தாட்சி வாங்கி அனுப்பலாம், ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் பத்திர நகலை முதலில் எனக்கு அனுப்புங்கள், சர்வே எண், நாலு எல்லை எல்லாம் தெரிகிற மாதிரி. படித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்று பாப்பா சொன்னாள் என்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பாப்பா